மீகடத்தியும் டொப்போலொஜியும் ஒரே பளிங்கில் சேருமா?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இரண்டாம் வருடம் படிக்கும் கல்முனைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மீகடத்தி என்றால் தடையே இல்லாத பொருள். டொப்போலொஜிக் காவலியின் மேற்பரப்பிலும் இலத்திரன்கள் தடங்கலில்லாமல் ஓடும் என்கிறார்கள். அப்படியென்றால் இரண்டும் ஒன்றா? இரண்டும் ஏன் அடுக்கடுக்காக அமைந்த பளிங்குகளிலேயே கிடைக்கின்றன? எங்கள் நாட்டுக் காரீயமும் (பென்சில் கரியான கிராபைட்டு) அடுக்குப் பளிங்குதானே, அதில் இது நடக்காதா? மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைப் படிக்க வழி இருக்கிறதா?"

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: ஒன்றல்ல. மீகடத்துதிறன் என்பது இலத்திரன்கள் கூட்டாகச் செய்யும் காரியம். அவை சோடி சேர்ந்து, அத்தனை சோடிகளும் ஒரே அலையாகிவிடுகின்றன. டொப்போலொஜி என்பது தனி இலத்திரனின் அலைகள் பளிங்குக்குள் எப்படி முறுக்கிக் கிடக்கின்றன என்பதைப் பற்றியது. இலத்திரன்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டாலும் அந்த முறுக்கு இருக்கும். இரண்டும் ஒரே பளிங்கில் சேரலாம், சேர்ந்தும் இருக்கின்றன. ஆனால் ஒன்று இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சாட்சி வேண்டும். இந்தத் துறையில் நடந்த பெரிய சண்டைகள் பலவும் இந்தச் சாட்சி விஷயத்தில்தான். அதனால் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதோடு, அது எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மீகடத்தியில் தொடங்குவோம். 1911இல் லெய்டனில் கமர்லிங் ஒன்னஸின் ஆய்வுகூடத்தில் இரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தபோது, 4.2 கெல்வின் அளவில் அதன் தடை திடீரென்று அளக்க முடியாத அளவுக்கு விழுந்தது. செம்பு போன்ற நல்ல கடத்தியில் இப்படி நடப்பதில்லை. குளிரக் குளிரத் தடை குறையும், பிறகு மாசணுக்களாலும், அணுக்களின் ஒழுங்கான அடுக்கில் (சாலகத்தில்) உள்ள குறைகளாலும் வரும் ஒரு மிச்சத்தில் நின்றுவிடும். இரசத்தில் அந்த மிச்சமும் இல்லை. 1933இல் மைஸ்னரும் ஒக்ஸன்ஃபெல்டும் இதைவிட முக்கியமான ஒன்றைக் கண்டார்கள்: காந்தப்புலத்தில் வைத்துக் குளிரவைத்தால் மீகடத்தி தனக்குள் இருந்த புலத்தை வெளியே தள்ளுகிறது. தடை பூச்சியமாகிவிட்ட வெறும் கடத்தி இதைச் செய்யாது. உள்ளே இருந்த புலத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஆகவே மீகடத்தி என்பது "மிக மிக நல்ல கடத்தி" அல்ல. அது சடப்பொருளின் வேறொரு நிலை.

ஏன் சோடி சேர்கின்றன என்பதை 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். ஒரு இலத்திரன் போகும் வழியில் நேர் அயன்களைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கிறது. அயன்கள் பாரமானவை, மெதுவாகத்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். இலத்திரன் கடந்துபோன பிறகும் அந்த இடத்தில் சிறிது நேரம் நேரேற்றம் கூடியிருக்கும். இன்னொரு இலத்திரன் அதை நோக்கி இழுபடும். ஒன்றையொன்று தள்ள வேண்டிய இரண்டு இலத்திரன்களுக்கு நடுவே இப்படி ஒரு மெல்லிய கவர்ச்சி வந்துவிடுகிறது. இந்தச் சோடி மூலக்கூறு போல நெருக்கமானது அல்ல. அலுமினியத்தில் சோடியின் பருமன் ஒரு மைக்கிரோமீற்றருக்கும் மேல். அந்த இடத்துக்குள் வேறு எத்தனையோ சோடிகள் குறுக்கும் மறுக்குமாகக் கிடக்கும்.

சோடிகள் எதிலும் மோதுவதில்லை, அதனால் தடையில்லை என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் திருப்தியில்லை. மாசணு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சோடியை மட்டும் தனியாக வேகம் குறைக்க முடியாது, ஏனென்றால் எல்லாச் சோடிகளும் ஒரே அலையைப் பகிர்கின்றன. ஒன்றைத் தடுக்க அதை உடைக்க வேண்டும். உடைப்பதற்கு ஒரு குறைந்தபட்சச் சக்தி வேண்டும். அந்தக் குளிரில் அதைக் கொடுக்க ஆளில்லை. அதனால்தான் ஓட்டம் நிற்காமல் போகிறது.

சாட்சி பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு இங்கேயே இரண்டு உதாரணங்கள். 2023 ஜூலையில் தென்கொரியாவில் இருந்து எல்கே-99 என்ற பொருள் அறைவெப்பநிலையில் மீகடத்தி என்று அறிவிப்பு வந்தது. காந்தத்தின் மேல் அரைகுறையாக மிதக்கும் வீடியோ எல்லாருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது. சில வாரங்களில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது: மாதிரியில் கலந்திருந்த செம்புச் சல்பைட்டு ஏறத்தாழ 104 பாகை செல்சியசில் கட்டமைப்பு மாறும்போது தடை சட்டென்று விழுகிறது. விழுந்தது உண்மை, பூச்சியத்துக்கு விழவில்லை. மற்றது எங்கள் நாட்டவர் சம்பந்தப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போன ரங்க டயஸின் குழு 2020இலும் 2023இலும் நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்ட அறைவெப்பநிலை மீகடத்திக் கட்டுரைகள் இரண்டும் திரும்பப் பெறப்பட்டன. முதலாவதைச் சஞ்சிகை திரும்பப் பெற்றபோது சொன்ன காரணம், காந்த அளவீட்டில் பின்னணியைக் கழித்த முறை. பார்த்தீர்களா, மறுபடியும் மைஸ்னர் விஷயம்தான். மிகப் பெரும் அமுக்கத்தில் 203 கெல்வினில் மீகடத்தியாகும் ஐதரசன் சல்பைட்டு (2015), 250 கெல்வின் அளவில் ஆகும் லந்தனம் ஐதரைட்டு (2019) ஆகியவை வேறு குழுக்களின் வேலை. அவற்றை இவற்றோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

சரி, டொப்போலொஜிக்கு வருவோம். மருதமுனைத் தறியில் நெய்த சாரன் துணி ஒன்றை எடுங்கள். இரண்டு முனைகளையும் நேராக வைத்து மூட்டினால் வழக்கமான சாரன். ஒரு முனையை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு மூட்டினால் முறுக்குச் சாரன். யாரும் உடுக்க முடியாது, ஆனால் பௌதிகவியலுக்கு நல்லது. இப்போது அதைக் கசக்குங்கள், மடியுங்கள், இழுங்கள். முறுக்கு போகாது. மூட்டைப் பிரித்தால் ஒழியப் போகவே போகாது. காவலி ஒன்றின் நிரம்பிய சக்திப்பட்டைகளில் (இலத்திரன்கள் இருக்கக்கூடிய சக்தி வீச்சுகளில்) உள்ள இலத்திரன் அலைகள்தான் அந்தத் துணி. கசக்குவது என்பது மாசணு, சின்னச் சின்னச் சாலகக் குறைகள். மூட்டைப் பிரிப்பது என்பது சக்தி இடைவெளியை, அதாவது நிரம்பிய பட்டைக்கும் வெறும் பட்டைக்கும் நடுவே உள்ள வெறுமையை, மூடுவது. பளிங்குக்கு வெளியே இருக்கும் வெற்றிடம் முறுக்கில்லாத சாரன். உள்ளே முறுக்கு உண்டு, வெளியே இல்லை என்றால் நடுவில், அதாவது பளிங்கின் எல்லையில், மூட்டு பிரிந்துதான் ஆகவேண்டும். அங்கே சக்தி இடைவெளி மூடுகிறது. அங்கே கடத்தும் நிலைகள் வருகின்றன. உள்ளே காவலி, மேலே கடத்தி என்பது இப்படித்தான். அந்த மேற்பரப்புக் கடத்தலை நீங்கள் சுரண்டி எடுத்துவிட்டாலும் புதிதாக வந்த மேற்பரப்பில் அது மறுபடி இருக்கும்.

இது கற்பனை இல்லை என்பதற்கு முதற் சாட்சி 1980இல் கிடைத்தது. வொன் கிளிட்சிங் மெல்லிய இலத்திரன் படை ஒன்றைக் கடும் குளிரிலும் பலத்த காந்தப்புலத்திலும் வைத்து அளந்தபோது, ஹோல் தடை (ஓட்டத்துக்குக் குறுக்கே அளக்கும் தடை) 25,812.8 ஓமை 1, 2, 3 என்ற முழுவெண்களால் வகுத்த பெறுமானங்களில் மட்டும் நின்றது. மாதிரி அழுக்காக இருந்தாலும் அதே பெறுமானம். 1982இல் தௌலஸும் கூட்டாளிகளும் அந்த முழுவெண், அலைகளின் முறுக்கு எண்ணிக்கையே என்று காட்டினார்கள். தௌலஸ், ஹோல்டேன், கொஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தச் சிந்தனைதான் காரணம்.

இங்கேதான் உங்கள் காரீயம் வருகிறது, நீங்கள் நினைப்பதைவிட நேரடியாக. 1988இல் ஹோல்டேன் வெளிக் காந்தப்புலம் இல்லாமலே முறுக்கு வரலாம் என்று காட்டியபோது எடுத்துக்கொண்டது அறுகோணச் சாலகம். அதாவது காரீயத்தின் ஒற்றைப் படையில் காபன் அணுக்கள் இருக்கும் அதே அமைப்பு. 2004இல் கைமும் நொவொசெலொவும் ஒட்டும் டேப்பால் காரீயத்தில் இருந்து அந்த ஒற்றைப் படையை, கிரபீனை, உரித்தெடுத்தார்கள். அடுத்த வருடமே கேனும் மெலேயும் கிரபீனில் ஸ்பின்-ஒழுக்கு இணைப்பைச் சேர்த்தால் உள்ளே காவலியாகவும் விளிம்பில் கடத்தியாகவும் ஆகும் என்று எழுதினார்கள். டொப்போலொஜிக் காவலி என்ற துறையே அந்தக் கட்டுரையில் இருந்துதான் கிளைத்தது. ஆனால் கிரபீனில் அது நடைமுறையில் தெரியவில்லை. ஸ்பின்-ஒழுக்கு இணைப்பு என்பது இலத்திரனின் ஸ்பின்னும் (அதைச் சின்னக் காந்தம் போல ஆக்கும் பண்பு) அதன் ஓட்டமும் ஒன்றையொன்று பாதிப்பது. கருவின் ஏற்றம் கூடக்கூட அது வேகமாகப் பலக்கும். காபன் மிக இலேசான அணு. கிரபீனில் அதனால் வரும் இடைவெளி ஓர் இலத்திரன்வோல்ற்றின் கோடியில் சில நூறு பங்குதான். அதைவிட மாசுகளின் குழப்பம் பெரிது.

அதனால் ஆட்கள் பாரமான அணுக்களைத் தேடிப் போனார்கள். 2007இல் ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் மோலென்கம்பின் ஆய்வுகூடம் இரசத் தெலூரைட்டுப் படை ஒன்றில் விளிம்புக் கடத்தலை அளந்தது. 2009இல் பிசுமது செலனைட்டின் முறை. அதில் செலனியம், பிசுமது, செலனியம், பிசுமது, செலனியம் என்று ஐந்து அணுப்படைகள் ஒரு கட்டு. கட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரு நனோமீற்றர். ஸ்பின்-ஒழுக்கு இணைப்பு, மேலே இருக்க வேண்டிய பட்டையைக் கீழேயும் கீழே இருக்க வேண்டியதை மேலேயும் மாற்றிவிடுகிறது. முறுக்கு வருவது இந்தத் தலைகீழ் மாற்றத்தால்தான். பளிங்கில் ஒளியைப் பாய்ச்சி, வெளியே வரும் இலத்திரன்களின் கோணத்தையும் சக்தியையும் பார்க்கும் முறையில், மேற்பரப்பு நிலையின் கூம்பு வடிவம் நேரடியாகவே தெரிந்தது. இடைவெளி 0.3 இலத்திரன்வோல்ற்று, அறைவெப்பநிலைக்கும் தாராளமாகப் போதும்.

உங்கள் முதல் கேள்வியின் மிச்சப் பாதிக்கு இப்போது பதில் சொல்லலாம். அந்த மேற்பரப்பில் இலத்திரனின் ஸ்பின் அது போகும் திசையோடு பூட்டப்பட்டிருக்கிறது. நேர் எதிரே திரும்ப வேண்டுமென்றால் ஸ்பின்னும் தலைகீழாக வேண்டும். காந்தத்தன்மை இல்லாத மாசணுவால் அதைச் செய்ய முடியாது. அவ்வளவுதான் பாதுகாப்பு. நேர் எதிராக அல்லாமல் வேறு கோணங்களில் சிதறலாம், சிதறும். ஆகவே மேற்பரப்பில் தடை உண்டு, வெப்பமும் உண்டு. மைஸ்னர் விளைவு இல்லை. "தடையில்லாமல் ஓடும்" என்று பத்திரிகைகள் எழுதுவது இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, ஆய்வுகூடத்தில் வளர்க்கும் பிசுமது செலனைட்டில் செலனிய அணுக்கள் சில இடங்களில் விடுபட்டுப்போவதால் உட்பகுதியே கொஞ்சம் கடத்தும். காவலி என்ற பெயரோடு வரும் பளிங்கு காவலியாக இருப்பதில்லை என்பது இத்துறைக்குள் எல்லாருக்கும் தெரிந்த சங்கடம்.

அடுக்குப் பளிங்குகளிலேயே கிடைக்கின்றன என்பது பாதி உண்மைதான். இரசம், ஈயம், நயோபியம் எதுவும் அடுக்குப் பளிங்கு அல்ல. டொப்போலொஜிப் பக்கம் பார்த்தால், 2019இல் மூன்று குழுக்கள் அறியப்பட்ட பளிங்குகளைக் கணினியால் சலித்துப் பார்த்தபோது ஏறத்தாழ கால்வாசிப் பொருட்களில் ஏதோ ஒரு வகை முறுக்கு இருப்பதாகக் கண்டார்கள். அடுக்குப் பளிங்குகளுக்கு உள்ள சிறப்பு, அவற்றில் நாம் கைவைக்க முடியும் என்பது. ஒரு படைக்குள் அணுக்கள் பலமான பங்கீட்டுப் பிணைப்பால் கட்டப்பட்டிருக்கும். படைக்கும் படைக்கும் நடுவே வந்தர்வால் விசை எனப்படும் மெல்லிய கவர்ச்சி மட்டும். எனவே டேப்பால் உரிக்கலாம். உரித்த முகம் துப்புரவாக இருக்கும், மேற்பரப்பைப் பார்க்கும் கருவிகளுக்கு அது வரப்பிரசாதம். இடைவெளிக்குள் வேறு அணுக்களைச் செருகலாம். ஒரு படையை இன்னொன்றின் மேல் கோணம் திருப்பி வைக்கலாம். மெல்லிய படையாக்கி, பக்கத்தில் ஒரு மின்வாயை வைத்து மின்னழுத்தம் கொடுத்து இலத்திரன்களைக் கூட்டிக் குறைக்கலாம். ஈயக் கட்டியில் இதில் பாதியைக்கூடச் செய்ய இயலாது.

செருகுவதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 1970ஆம் ஆண்டினது. தந்தலம் இருசல்பைட்டு 0.8 கெல்வினில் மீகடத்தியாகும். அதன் படைகளுக்கு நடுவே பிரிடீன் என்ற சேதன மூலக்கூற்றைச் செருகியபோது படைகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. மீகடத்துதிறன் செத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது 3.5 கெல்வினுக்கு ஏறியது! மீகடத்துதிறன் படைக்குள்ளேயே குடியிருக்கிறது, பக்கத்துப் படையை நம்பி இல்லை என்பதற்கு இது நல்ல தடயம். நயோபியம் இருசெலனைட்டு இன்னொரு தடயம். கட்டியாக இருந்தால் 7.2 கெல்வின், ஒற்றைப் படையாக உரித்தால் 3 கெல்வின் அளவு. ஆனால் அந்த ஒற்றைப் படையைப் படையின் தளத்துக்குச் சமாந்தரமான காந்தப்புலத்தில் வைத்தால் வழக்கமான மீகடத்தி தாங்கும் எல்லையைத் தாண்டி, 30 டெஸ்லாவுக்கும் மேல் தாங்குகிறது. ஸ்பின்-ஒழுக்கு இணைப்பு ஸ்பின்களைத் தளத்துக்குச் செங்குத்தாகப் பூட்டி வைத்திருப்பதால் பக்கவாட்டுப் புலத்தால் சோடியைப் பிரிக்க முடிவதில்லை.

காரீயமும் இதே வழியில் மீகடத்தியாகிறது. தனியே ஆகாது. 1965இல் பொற்றாசியத்தைச் செருகியபோது ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே ஆனது. 2005இல் கல்சியத்தைச் செருகியபோது 11.5 கெல்வின். அப்புறம் 2018இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஹரியோ-ஹெரேரோவின் குழு இரண்டு கிரபீன் படைகளை 1.1 பாகை திருப்பி வைத்தது. எந்த அணுவையும் செருகாமல், கோணத்தாலும் மின்வாயாலும் மட்டுமே 1.7 கெல்வினில் மீகடத்துதிறன் வந்தது. அந்தக் கோணத்தில் பட்டைகள் தட்டையாகி, இலத்திரன்களின் வேகம் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. ஒன்றின் தாக்கத்தை மற்றது நன்றாக உணர்கிறது. அந்தத் தட்டையான பட்டைகளிலும் முறுக்கு இருக்கிறது. ஆகவே போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் காரீயம், நாளங்களில் கிடைக்கும் மிகத் தூய வகை என்பதால், உரித்துப் பழகுவதற்கு நல்ல தொடக்கப் பொருள். ஆனால் சுரங்கத்தில் இருந்து வரும் கட்டி தானாக எந்த வித்தையும் காட்டாது.

இரண்டும் ஒன்றாகச் சேரும் இடங்கள் இனி. 2010இல் பிசுமது செலனைட்டின் கட்டுகளுக்கு நடுவே செம்பைச் செருகினார்கள், 3.8 கெல்வினில் மீகடத்தியானது. 2011இல் அதன் மேல் ஊசி முனையை வைத்து அளந்தபோது பூச்சிய மின்னழுத்தத்தில் ஒரு கூர்முகடு தெரிந்தது, டொப்போலொஜி மீகடத்தியின் அடையாளம் என்று பலர் கொண்டாடினார்கள். 2013இல் வேறொரு குழு வருடிப் பார்த்தபோது முகடு இல்லை, வழக்கமான முழு மீகடத்தி இடைவெளிதான் (சோடியை உடைக்க வேண்டும் என்று மேலே சொன்ன அந்தக் குறைந்தபட்சச் சக்தி). 2016இல் காந்தப் பரிவு அளவீட்டில் இன்னொரு விநோதம் தெரிந்தது: சாலகம் மூன்று திசைகளில் ஒத்திருக்க, மீகடத்துதிறன் இரண்டே திசைகளில் ஒத்திருக்கிறது. இது வழக்கமான மீகடத்தி செய்யக்கூடியது அல்ல. என் பார்வையில், அந்த முகட்டைவிட இந்தத் திசை விஷயம் பலமான சாட்சி. முகடு பல காரணங்களால் வரும். பளிங்கின் சமச்சீரை மீகடத்துதிறன் மீறுவதற்குக் காரணங்கள் குறைவு.

மற்ற வழி, பக்கத்தில் வைப்பது. 2008இல் ஃபூவும் கேனும் டொப்போலொஜிக் காவலியை வழக்கமான மீகடத்தியோடு ஒட்டிவைத்தால் மேற்பரப்பு நிலைகளுக்குள் சோடிகள் கசிந்து வரும் என்றார்கள். 2012இல் ஷாங்ஹாயில் நயோபியம் இருசெலனைட்டின் மேல் பிசுமது செலனைட்டை வளர்த்து அதைச் செய்தும் காட்டினார்கள். இரண்டும் அடுக்குப் பளிங்குகள் என்பதால்தான் இப்படி ஒன்றன் மேல் ஒன்றை வளர்ப்பது இலகுவாக இருந்தது.

மூன்றாவது வகை, ஒரே பளிங்கு இரண்டையும் தானே கொண்டிருப்பது. இதில் எனக்குப் பெரிய மரியாதை இரும்பு-தெலூரியம்-செலனியப் பளிங்கின் மேல். 14.5 கெல்வினில் மீகடத்தி. 2018இல் டோக்கியோவில் அதன் மேற்பரப்பில் டொப்போலொஜிக் கூம்பும், அந்தக் கூம்பிலேயே மீகடத்தி இடைவெளியும் தெரிந்தன. அதே வருடம் பெய்ஜிங்கில் காந்தப்புலச் சுழிகளின் (புலம் மெல்லிய நூல்களாக மீகடத்திக்குள் நுழையும் இடங்களின்) நடுவே பூச்சியச் சக்தியில் முகடு தெரிந்தது. ஒற்றைப் படைத் தங்குதன் இருதெலூரைட்டும் இந்த வகைதான்: 100 கெல்வின் வரை விளிம்பில் கடத்தும் டொப்போலொஜிக் காவலி, மின்வாயால் இலத்திரன்களைக் கூட்டினால் ஒரு கெல்வினுக்குக் கீழே மீகடத்தி. மொலிப்டினம் இருதெலூரைட்டு 0.1 கெல்வினில் மீகடத்தி, 11.7 கிகாபஸ்கால் அமுக்கத்தில் 8.2 கெல்வினுக்கு ஏறுகிறது. 2020இல் வந்த சீசியம்-வனேடியம்-அந்திமனிப் பளிங்கைப் பற்றி (2.5 கெல்வின்) இன்னும் சண்டை ஓயவில்லை, அதைத் தாண்டிப் போகிறேன்.

சுழியின் நடுவில் பூச்சிய முகடு ஏன் இவ்வளவு முக்கியம்? 1937இல் இத்தாலியப் பௌதிகவியலாளர் எத்தோரே மயோரானா, தனக்குத் தானே எதிர்த்துணிக்கையாக இருக்கும் துணிக்கை ஒன்று இருக்கலாம் என்று எழுதினார். அடுத்த வருடம் அவரே காணாமல் போனார், கதை அப்படியே நிற்கிறது. டொப்போலொஜி மீகடத்தியின் சுழியில் அல்லது முனையில் அதே சமன்பாட்டுக்கு அடங்கும் ஒரு நிலை, சரியாகப் பூச்சியச் சக்தியில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு நிலைகள் தூரத்தில் இருந்துகொண்டு ஒரு தகவலைப் பங்குபோட்டு வைத்திருக்கும். ஓரிடத்தில் வரும் குழப்பம் அதை அழிக்க முடியாது. குவாண்டம் கணினிக்காரர்கள் இதன் பின்னால் அலைவது அதனால்தான்.

ஆனால் எந்த மீகடத்திச் சுழியிலும் பூச்சியத்துக்கு மிக நெருங்கிய வேறு சாதாரண நிலைகள் உண்டு என்பது 1964இல் இருந்தே தெரியும். அவற்றின் இடைவெளி மிகச் சிறியது, எல்லாம் சேர்ந்து பூச்சியத்தில் ஒரு முகடு போலவே தோன்றும். இரும்பு-தெலூரியம்-செலனியத்தின் அனுகூலம் இங்கேதான்: அதன் ஃபெர்மி சக்தி (நிரம்பிய இலத்திரன்களின் உச்சச் சக்தி) சிறியது, அதனால் இந்தச் சாதாரண நிலைகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கின்றன, பூச்சியத்தில் நிற்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. அப்படியும் எல்லாச் சுழிகளிலும் அது இல்லை. காந்தப்புலத்தைக் கூட்டினால் முகடுள்ள சுழிகளின் விகிதம் குறைகிறது. இதை மயோரானா என்று நம்புகிறவர்கள் சுழிகள் நெருங்குவதால் ஒன்றையொன்று குழப்புகின்றன என்கிறார்கள். நியாயமான விளக்கம், ஆனால் முடிந்த முடிவு அல்ல. அடுக்குப் பளிங்கு அல்லாத மெல்லிய கம்பிகளில் மயோரானாவைக் கண்டதாக 2018இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் இருந்து வந்த நேச்சர் கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு ஒற்றை முகட்டை மட்டும் காட்டி யாரும் இலகுவாகத் தப்ப முடிவதில்லை. இரண்டு மயோரானா நிலைகளை இடம் மாற்றிப் பார்த்து விளைவைக் காட்டினால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். இன்றுவரை அது நடக்கவில்லை.

வீட்டில் "இதனால் எங்களுக்கு என்ன?" என்று கேட்டால் மயோரானாவைச் சொல்லாதீர்கள். இன்று மீகடத்தி எம்ஆர்ஐ இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது நயோபியம்-தைத்தேனியக் கம்பி, அடுக்குப் பளிங்கு அல்ல. செம்பு-ஒட்சிசன் படைகளைக் கொண்ட இற்றியம் பேரியம் செம்பு ஒட்சைட்டு (1987, 93 கெல்வின்) அடுக்குப் பொருட்களில் சந்தைக்கு வந்தவற்றுள் ஒன்று. அதற்குத் திரவ நைதரசன் போதும், 77 கெல்வின். எங்கள் பக்கத்தில் திரவ நைதரசன் இருப்பது மாடுகளுக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தல் செய்யும் மிருக வைத்தியர்களின் தாங்கிகளில்தான். ஒரு சிறு குவளை கேட்டு வாங்க முடிந்தால், ஒரு மீகடத்தி வில்லையும் ஒரு சின்ன நல்ல காந்தமும் வைத்து மைஸ்னர் விளைவை வகுப்பில் காட்டிவிடலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், மூடிய போத்தலில் ஊற்றவே கூடாது.

படிப்பதைப் பொறுத்தவரை, உண்மையைச் சொல்கிறேன்: ஒரு கெல்வினுக்குக் கீழே குளிரவைக்கும் கருவி மட்டக்களப்பில் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஆனால் இந்தத் துறையின் பெரும் பகுதி கணிப்பில் நடக்கிறது, அதற்கு மடிக்கணினியும் பொறுமையும் போதும். வந்தாறுமூலையிலோ, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ இருக்கும் ஒரு மாணவர் பளிங்குகளின் பட்டைகளைக் கணிக்கும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் நான் மேலே சொன்ன அண்மைக் கட்டுரைகளில் அனேகமானவை காசில்லாமல் கிடைக்கும். திண்மநிலைப் பௌதிகவியல் பாடத்தில் பட்டைக் கொள்கையை மட்டும் தவறவிடாதீர்கள்.

முதல் கணிப்புக்குப் பிசுமது செலனைட்டையே எடுங்கள். அடிப்படை அலகில் ஐந்து அணுக்கள்தான். சாதாரண மடிக்கணினி தாங்கும். முதலில் ஸ்பின்-ஒழுக்கு இணைப்பு இல்லாமல் பட்டைகளை வரையுங்கள், பிறகு அதைச் சேர்த்து வரையுங்கள். சேர்க்கும்போது முழுச் சார்பியலோடு தயாரித்த சூடோபொட்டென்ஷியல் கோப்பை (கருவும் உள் இலத்திரன்களும் தரும் விளைவைச் சுருக்கித் தரும் கோப்பு) போட வேண்டும். பழையதையே விட்டுவிட்டு வித்தியாசம் தெரியவில்லை என்று வருபவர்கள் அனேகர். காமா புள்ளியில் (உந்தம் பூச்சியமான இடத்தில்) இடைவெளிக்கு மேலும் கீழும் உள்ள பட்டைகள் எந்த அணுவின் பங்கு என்று பாருங்கள். இரண்டு வரைபடங்களுக்கும் நடுவே பிசுமதும் செலனியமும் இடம் மாறியிருக்கும். அப்புறம் நேரத்தைத் திருப்பினாலும் மாறாத எட்டு உந்தப் புள்ளிகளிலும் நிரம்பிய பட்டைகளின் ஒற்றை-இரட்டைக் குறிகளை (பளிங்கைத் தலைகீழாக்கினால் அலையின் குறி மாறுகிறதா இல்லையா என்பதை) எடுத்து, ஒரு சோடிக்கு ஒன்று என்று மட்டும் கணக்கிட்டு, எல்லாவற்றையும் பெருக்குங்கள். இணைப்பு இல்லாதபோது பெருக்கம் சக ஒன்று, இருக்கும்போது சய ஒன்று வர வேண்டும். வராவிட்டால் முதலில் அணுக்களின் ஆள்கூறுகளைச் சரிபாருங்கள்; பளிங்கின் தலைகீழ்ச் சமச்சீர் மையம் நடுச் செலனிய அணுவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குறிகளுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.